ஆம்பளைங்களுக்கான சில்வர் டோன் செயின்: கலர் ஓகே, கொக்கிதான் சொதப்பல்

முதல்லயே சொல்லிடறேன், இது வெள்ளி இல்ல. சில்வர் டோன்னு போட்டிருந்தா கலர் மட்டும்தான் வெள்ளி, உள்ள என்ன மெட்டல்னு டிஸ்க்ரிப்ஷன்ல கீழ போய் படிச்சாதான் தெரியும். நான் வாங்கினது 316எல் ஸ்டீல், அதனால 925 முத்திரை எங்கன்னு தேடிட்டு இருக்காதீங்க, அது 92.5 சதவீதம் வெள்ளி இருக்கிற நகைக்குத்தான் வரும். காந்தம் வச்சு செக் பண்றதும் வேஸ்ட், வெள்ளியும் ஒட்டாது பித்தளையும் ஒட்டாது, இந்த ஸ்டீலும் பெரும்பாலும் ஒட்டாது.

ஆனா தினமும் போட்டுக்கறதுக்கு வெள்ளிய விட இதுதான் பெஸ்ட்னு நான் சொல்வேன். வெள்ளி வேர்வைலயும் காத்துலயும் கறுத்துப் போயிடும், அப்பப்ப பாலிஷ் போடணும். பித்தளை மேல முலாம் பூசினது இன்னும் மோசம், முலாம் தேஞ்சதும் உள்ள மஞ்சளா பல்ல காட்டும், கழுத்துல பச்சையா கறை வேற. 316எல் வந்து வீட்ல இருக்கிற எவர்சில்வர் ஜாதிதான், கூட 2-3 சதவீதம் மாலிப்டினம்ங்கற உலோகம் சேர்ந்திருக்கும், அதான் உப்புத் தண்ணி வேர்வைக்கெல்லாம் ஈசியா அசைஞ்சு குடுக்காது. வெள்ளில கறுப்பு எடுக்க விக்கிற டிப் லிக்விட்ல மட்டும் இத முக்கிடாதீங்க, சோப்புத்தண்ணில கழுவி ஈரம் போக தொடச்சா போதும்.

டிசைன் ஃபிகாரோ, அதாவது மூணு சின்ன வளையம் அப்புறம் ஒரு நீள வளையம்னு மாறி மாறி வரும், அகலம் 5 மில்லிமீட்டர். நீள வளையத்துல மட்டும் பளபளப்பு இல்லாம பிரஷ் ஃபினிஷ் குடுத்திருக்காங்க, டிசைனர்னு போட்டதுக்கு உருப்படியா செஞ்சது இது ஒண்ணுதான், ஏன்னா கீறல் விழுந்தாலும் அங்க தெரியாது, சின்ன வளையத்துல ஏற்கனவே மெல்லிசா கோடு கோடா தெரியுது. வளையமெல்லாம் தட்டையா இருக்கறதால தாடி, கழுத்து முடி எதுவும் மாட்டி இழுக்கல, பாம்பு உடம்பு மாதிரி வழவழன்னு இருக்கற ஸ்நேக் மாடல் செயின் மாதிரி ஒரு தடவ மடங்கினா அப்படியே நின்னுடற பிரச்சினையும் இல்ல.

சைஸ்ல யோசிச்சு வாங்குங்க. பொதுவா 20 இன்ச் காலர் எலும்பு கிட்ட நிக்கும், 22 அதுக்குக் கொஞ்சம் கீழ, 24 நெஞ்சுக்கு வந்துடும், கழுத்து தடியா இருந்தா எல்லாமே மேல ஏறும். ஒரு நூல கழுத்துல விட்டு பாத்துட்டு ஆர்டர் போட்டா ரிட்டர்ன் அலைச்சல் மிச்சம். போட்டோல மாடல் பையன் கழுத்துல பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, அவன் கழுத்து வேற நம்ம கழுத்து வேற.

இப்ப குறை. செயின் ஸ்டீல், கொக்கி ஸ்டீல் இல்ல! வேற ஏதோ மெட்டல்ல முலாம் பூசி மாட்டியிருக்காங்க, ஓரத்துல இப்பவே மஞ்சள் எட்டிப் பாக்குது, ஸ்பிரிங்கும் லூசு. செயின் நல்லா இருந்து கொக்கி விட்டுச்சுன்னா மொத்தமா தொலைஞ்ச மாதிரிதான, இதுல போய் காச மிச்சம் பிடிச்சிருக்காங்க. நிக்கல் அலர்ஜி இருக்கறவங்களுக்கு இந்த இடத்துலதான் அரிக்க சான்ஸ் அதிகம், 316எல்லயும் நிக்கல் உண்டு ஆனா அதுலேருந்து வெளிய வர்றது ரொம்ப கம்மி. ஸ்டீல் கொக்கி தனியா கிடைக்கும், மாத்திட்டா அப்புறம் கவலை இல்ல.

டாலர் மாட்டற ஐடியா இருந்தா அதோட வளையம் உள்ளளவு 6 மில்லிமீட்டராவது இருக்கான்னு பாத்து வாங்குங்க, என்கிட்ட இருந்த டாலர் கொக்கியையே தாண்டல.