மனதுக்கு எங்கே காட்டுவது? யாழ்ப்பாணத்தில் இலவசமும் காசும்

தம்பிக்கு நித்திரை கெட்டு மூன்றாவது மாதம், அம்மாவே வாய் திறந்தா. "எங்கையாவது கொண்டுபோய்க் காட்டு. ஆனா பெரியாஸ்பத்திரி வேண்டாம், சனம் காணும்."

அதனால் முதலில் காசு கொடுத்துத்தான் போனோம். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பின்னேரம் சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டி டொக்டரிடம் நம்பர் எடுத்தோம், நம்பர் 23. உள்ளே இருந்தது ஏழு நிமிடம். டொக்டரைக் குறை சொல்ல மாட்டேன், வெளியில் இன்னும் அத்தனை பேர் காத்திருந்தார்கள். டொக்டருக்கு ஒரு கட்டணம், ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டணம், பார்மசியில் மருந்துக்கு வேறு. நல்லது என்றால் ஒன்று: வேலை முடித்துப் போகலாம், லீவு போடத் தேவையில்லை.

ஆனால் கணக்கை ஒரு தடவைக்குப் போடக்கூடாது. மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 கிழமை செல்லும். சுகம் வந்த பிறகும் குறைந்தது 6 மாதம் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். முதல் பில்லைக் கட்டிவிட்டு, "ஒண்டும் குறையேல்லை" என்று இரண்டாவது கிழமையே விட்டுவிடுகிறவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்! ஒரு வருடத்துக்குத் தாங்குமா என்று பார்த்துத்தான் இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும்.

அந்தக் கணக்கு எங்களை, அம்மா வேண்டாம் என்ற பெரியாஸ்பத்திரிக்கே, அதாவது யாழ் போதனா வைத்தியசாலைக்கே கொண்டுவந்து விட்டது. பார்ப்பதும் இலவசம், மருந்தும் இலவசம். யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீட மாணவர்கள் பழகும் இடம் என்பதால், முதலில் கதைத்தது ஒரு மாணவி. எனக்கு அப்போது கொஞ்சம் சலிப்புத்தான், படிக்கிற பிள்ளையிடம் என்னத்தைச் சொல்வது என்று. அந்தப் பிள்ளை கேட்டாள்: "நித்திரை வாறதில்லையோ, வந்து இடையில முறியுதோ?" ஏழு நிமிடத்தில் யாரும் கேட்காத கேள்வி. "மூண்டு மணிக்கு முழிப்பு வந்தா, கோயில் மணி அடிக்குமட்டும் முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறது" என்றான் தம்பி. மூன்று மாதமாக ஒரே வீட்டில் இருந்த எனக்கே அது புதுச் செய்தி. பசி, படிப்பு, குடி, குடும்பத்தில் யாருக்காவது முன்பு இருந்ததா என்று முக்கால் மணி நேரம் கேட்டு எழுதினாள். பிறகு பெரிய டொக்டர் வந்து அதையெல்லாம் கேட்டு, தானும் கதைத்து, மருந்து எழுதினார். மருத்துவப் படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் அவர்கள் நம்மைப் பற்றி நம் முன்னாலேயே ஆங்கிலத்தில் கதைப்பதைக் கேட்க ஒரு மாதிரி இருக்கும். மாணவர்கள் வேண்டாம் என்றால் சொல்லலாம், அதற்காக வைத்தியம் நிற்காது.

இலவசத்துக்கும் விலை உண்டு. காலை முழுவதும் போகும், நாட்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். பயிற்சி இடம் என்பதால் முகங்களும் மாறும், கதையை மறுபடி சொல்ல வேண்டும். நகருக்குள் வர மனமில்லாதவர்களுக்குத் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

மருந்து தேவையில்லை, கதைக்க ஒரு ஆள் வேண்டும் என்பவர்களுக்கு உளவளத்துணை. 1987இல் தொடங்கிய சாந்திகம் என்ற நிறுவனம் யாழ்ப்பாணத்தில் இதற்கு நெடுநாளாகப் பேர்போனது, உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்த இடமும் அதுதான். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். "சனம் காணும்" என்பவர்களுக்கு இதைவிட நல்ல மறைப்பு இல்லை: அங்கே வாங்கிலில் இருப்பவர் அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிப் பணத்துக்கு வந்தவரா, மனம் விட்டுக் கதைக்க வந்தவரா என்று யாருக்குத் தெரியும்? இழவுத் துக்கம், குடும்பச் சண்டை, பரீட்சைப் பயம் இவற்றுக்கு இது போதும். காதில் குரல் கேட்கிறது, சாக வேண்டும்போல் இருக்கிறது என்றால் இங்கே நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடுச்சாமம் என்றால் அங்கொட தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு 24 மணி நேரமும் எடுக்கலாம்.

என்னைக் கேட்டால், முதல் தடவை மாணவர்கள் இருக்கும் கிளினிக்குக்கே போங்கள். வேறெங்கும் அவ்வளவு நேரம் யாரும் கேட்கமாட்டார்கள். சுகம் ஒரு நிலைக்கு வந்த பிறகு லீவு எடுக்க முடியாதவர்கள் சனலுக்கு மாறலாம்.

தம்பிக்கு அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. புது மாணவர் வந்தால் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று இப்போதே யோசிக்கிறான். இந்த முறை சுருக்கிச் சொல்லப் போகிறானாம். அம்மாவும் வருகிறா, கிளினிக் கொப்பியை ஒரு பத்திரிகைக்குள் மடித்து வைத்துக்கொண்டு.