காரைக்குடி ஆசாரி செய்து தந்த கருவிப்பெட்டி டிராயர்கள்: ஆறு மாதப் பயன்பாட்டிற்குப் பின்

எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டுப் பத்தியில் (முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில்), முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில் வாங்கிய பர்மாத் தேக்குப் பலகையை மேற்பரப்பாகக் கொண்ட ஆறடித் தச்சு மேசை ஒன்று உள்ளது. டிரில், கிரைண்டர், ரௌட்டர், ஜிக்சா ஆகிய மின்கருவிகளின் பெட்டிகளை அதன் அடியில் அடுக்கியிருந்தேன். எப்போது எது தேவைப்பட்டாலும் அது அடுக்கின் அடியில்தான் இருக்கும். இதற்குத் தீர்வாக இழுத்துத் திறக்கும் டிராயர்கள் செய்யக் காரைக்குடி ஆசாரி ஒருவரை அழைத்தேன்.

ஆறங்குல உயரப் பக்கப் பலகைகளுடன் ஆறு டிராயர்கள் என்று நான் வரைந்து வைத்திருந்த தாளைப் பார்த்ததும் அவர், "பெட்டிக்கே பெட்டி செய்யணுமாண்ணே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே பாதிக் கூலி தகும். கருவிப்பெட்டி தன் பொருளைத் தானே தாங்கிக்கொள்வதால், அது வழுக்கி விழாமலிருக்க ஓரங்குல விளிம்பு வைத்த தட்டே போதுமானது. உயரமான பக்கங்களால் இடமும் பிளைவுட்டும் வீணாவதோடு, பெட்டியின் கைப்பிடியைப் பக்கவாட்டில் பிடிக்கவும் முடியாது.

மழைச்சாரல் பத்தி வரை வருமென்பதால் நீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 தரப் பிளைவுட்டில், 18 மி.மீ. கனத்தில் செய்தார். பக்கத்திற்கு மூன்று தட்டுகள் வைத்து, முக்காலி போட்டு உட்கார நடுவில் இடம் விட்டார். தட்டுகள் வழுக்கி ஓடும் இரும்புத் தண்டவாளங்களான சேனல்கள் மூன்று மடிப்புடைய, குண்டு பேரிங் வைத்த 20 அங்குல வகை. இரண்டு மடிப்புச் சேனல் முக்கால் பங்குதான் வெளியே வருமாதலால், பின்னால் இருக்கும் பெட்டியை இருட்டில் துழாவ வேண்டியிருக்கும்; விலை வேறுபாட்டைப் பார்த்து அதை வாங்கிவிட வேண்டாம். ஜோடிக்கு 45 கிலோ தாங்கும் என்று குறிப்பிட்டிருந்தது. என் தட்டுகளில் அதிகபட்சம் 18 கிலோதான் ஏறுகிறது.

இவ்வகைச் சேனலுக்குப் பக்கத்திற்கு நாலு நூல், அதாவது அரை அங்குல இடைவெளி வேண்டும். 21 அங்குல இடத்தில் 20 அங்குலத் தட்டு என்பது கணக்கில் எளிது, ஆனால் மரத்தில் அவ்வளவு எளிதன்று. தட்டு அகலமாகிவிட்டால் சேனல் இறுகிக்கொள்ளும். சிறிது குறைந்தால் சேனலுக்குப் பின்னால் மைக்காத் துண்டு வைத்துச் சரிசெய்யலாம். எனவே அவர் ஒவ்வொரு தட்டையும் வேண்டுமென்றே ஒரு மி.மீ. குறைத்தே அறுத்தார். தட்டைக் கழற்றும்போது ஒரு பக்கத்துச் சேனலிலுள்ள கருப்பு நாக்கை மேலேயும் மறுபக்கத்து நாக்கைக் கீழேயும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும் என்பதை எனக்கு இருமுறை செய்து காட்டினார்.

குறை என்று பார்த்தால், தரையின் வாட்டத்தை அவர் பார்க்கவில்லை. மழைநீர் முற்றத்துக்கு வடியும்படி எங்கள் பத்தித் தரை சற்றுச் சரிவாக இருக்கிறது. மூடிய நிலையில் சேனல் இலேசாகப் பிடித்துக்கொண்டாலும் பாரம் ஏறியதும் அப்பிடி விட்டுப்போய், முதல் நாள் இரவே அடித்தட்டு இரண்டும் தாமாகத் திறந்து நின்றன. மறுநாள் வந்து முன்கால்களுக்குத் தேக்கு ஆப்பு வைத்து, ரசமட்டம் பார்த்துச் சரிசெய்தார். மூன்று தட்டுகளையும் ஒருசேர இழுத்தால் மேசை முன்னால் சாயுமோ என்றஞ்சி, சுவரில் துளையிட்டு இரும்புப் பட்டையால் பிணைக்கலாம் என்றார். முட்டைச் சாந்து பூசிய சுவரில் துளையிட எனக்கு மனம் வரவில்லை. பயனின்றிக் கிடந்த அம்மியை நடு இடத்தின் பின்புறத்தில் பாரமாக வைத்துவிட்டேன்.

மரத்தூள் மட்டும் இன்னும் தொல்லையாகவே இருக்கிறது. சேனலின் கிரீஸில் அது ஒட்டிக் களிம்பாகிறது என்பதால் மாதமொருமுறை தூரிகையால் தட்டிவிடுகிறேன். எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டேன்.

நான்கு நாள் என்று சொன்ன வேலை, இடையில் வந்த கிரகப்பிரவேச வேலைகளால் பதினொரு நாளாயிற்று. நாள் கூலியாகப் பேசாமல் மொத்தமாகப் பேசியிருந்ததால் செலவு கூடவில்லை. அவரை அழைப்பவர்களும் அப்படியே பேசிக்கொள்வது நல்லது.