கொப்பியா, கணினியா, கைத்தொலைபேசியா: திருகோணமலையில் கிளினிக்குக்கு வராதவரை எது கண்டுபிடிக்கும்?

மூதூரில் பிரசருக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்களில், இரண்டு மாதமாகக் கிளினிக் பக்கமே வராதவர்கள் யார்? உடல்நலப் பதிவேடு எந்த வடிவில் இருந்தாலும் நான் அதனிடம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். வந்தவருக்கு என்ன மருந்து கொடுத்தோம் என்பதை எல்லாப் பதிவேடும் ஏதோ ஒரு விதத்தில் சொல்லிவிடும். வராதவரைச் சொல்வதுதான் கடினம். ஒரு ஊரின் உடல்நலத்தைக் கவனிக்கிறோம் என்றால், வராதவரைத்தான் முதலில் தேட வேண்டும். பிரசர் கூடியது தெரியாமல் வீட்டில் இருப்பவர்தான் ஒருநாள் பாரிசவாதத்தோடு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுகிறார்.

இலங்கையில் நிகழும் மரணங்களில் 83 வீதம் தொற்றா நோய்களால் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 ஆம் ஆண்டு நாட்டுக் குறிப்பு சொல்கிறது. சீனி, பிரசர், மாரடைப்பு, புற்றுநோய், நெடுநாள் சுவாச நோய் எல்லாம் அதற்குள் அடங்கும். இவை ஒருமுறை மருந்து எடுத்துவிட்டு மறந்துவிடும் வருத்தங்கள் அல்ல. ஆண்டுக்கணக்காகத் தொடரும் ஒரு பதிவு வேண்டும். அந்தப் பதிவை யார் வைத்திருப்பது, எங்கே வைத்திருப்பது என்பதில் இன்று நம்முன் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, எல்லாருக்கும் தெரிந்த கிளினிக் கொப்பி. அதை மட்டமாக நினைக்கக் கூடாது. கரண்ட் தேவையில்லை, இணையம் தேவையில்லை. நோயாளி போகும் இடமெல்லாம் கூடவே போகிறது. வெருகலில் இருக்கும் ஒருவருக்குத் திருகோணமலையும் ஒன்றுதான், வாழைச்சேனையும் ஒன்றுதான். எந்த ஆஸ்பத்திரியில் ஏறினாலும் கொப்பியை நீட்டினால் வைத்தியர் அரை நிமிடத்தில் பழைய மருந்தைப் பார்த்துவிடுவார். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதும் கொப்பி வேலை செய்தது. நோயாளியின் உடல்நலத் தகவல் நோயாளியின் கையிலேயே இருக்க வேண்டும் என்று இன்று உலகம் முழுவதும் பேசுகிறார்கள். நம் நாட்டில் அது நெடுங்காலமாகவே அப்படித்தான் இருந்துவந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கொப்பிக்கு இன்னொரு பிரதி கிடையாது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது கரையோர வீடுகளில் இருந்த ஆவணங்கள் எல்லாம் போயின. 2006 இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் போரால் இடம்பெயர்ந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. அப்புறம், கொப்பியில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம், அதுவும் அவசரக் கையெழுத்து. நோயாளிக்குத் தன் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, கொப்பி வீட்டில் கிடந்தால் ஆஸ்பத்திரிக்கு அது இருப்பதே தெரியாது. வராதவரைப் பற்றிய தகவல் முழுவதும் வராதவரிடமே இருக்கிறது.

2020 ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படி அனுப்புவதற்கு முகவரியும் தொலைபேசி எண்ணும் நடப்பு மருந்தும் ஆஸ்பத்திரியின் பக்கம் இருந்தாக வேண்டும். அவை நோயாளியின் வீட்டு அலுமாரியில் இருந்தால் என்ன செய்வது? கொப்பியின் எல்லை எது என்பதை அந்த மாதங்கள் தெளிவாகக் காட்டின.

இரண்டாவது வழி, ஆஸ்பத்திரிக் கணினி. ஒவ்வொருவருக்கும் தனிநபர் சுகாதார இலக்கம் ஒன்றைக் கொடுத்து, அதைப் பார்கோடு என்னும் கோடு போட்ட சிட்டையாக அட்டையில் ஒட்டிக் கொடுக்கிறார்கள். ஓபிடியில் அந்தச் சிட்டையை வாசித்தால் பழைய பதிவு திரையில் வரும். வைத்தியர் எழுதும் மருந்து நேரே மருந்தகத்துக்குப் போகும். ஒரு நோயாளியின் மூன்று ஆண்டுச் சீனி அளவுகளை ஒரே வரைபடமாகப் பார்ப்பது கொப்பியில் நடக்காத காரியம். ஒவ்வாமை உள்ள மருந்து தவறிப் போவதையும் தடுக்கலாம்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இருக்கும்போது இன்னொரு இலக்கம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு அடையாள அட்டை இல்லை. பெரியவர்களில் பலரிடம் ஒன்பது இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய அட்டை இருக்கிறது. 2016 முதல் கொடுக்கப்படும் புதிய அட்டையில் 12 இலக்கம். ஒரே ஆள் ஒரு நாள் பழையதையும் மறுநாள் புதியதையும் கொடுத்தால் கணினிக்கு அவர் இரண்டு ஆள். பெயரை வைத்துச் சேர்க்கலாம் என்றால், நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதியும்போது ஒவ்வொரு கருமபீடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். ஆகவே தனி இலக்கம் கட்டாயம் தேவை. ஒரே ஆளுக்கு இரண்டு இலக்கம் விழுந்துவிட்டால் அவற்றை ஒன்றாக்கும் பொறுப்பு யாருக்கு என்பதையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். இது சின்ன வேலைபோலத் தெரியும். ஆனால் கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

ஆஸ்பத்திரிக் கணினியின் குறை அதன் சுவர்தான். உள்ளே வந்தவரை மட்டுமே அது அறியும். தனியார் வைத்தியரிடம் போனவரையும், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிப்பவரையும் அது அறியாது. இன்னொன்று, அது எண்ணுவது பெரும்பாலும் வருகைகளை. விடுதி அனுமதிப் புள்ளிவிவரத்தில் ஒரே சீனி நோயாளி ஆண்டில் மூன்று தடவை அனுமதிக்கப்பட்டால் மூன்று என்றே விழுகிறது. ஒரு பிரிவில் எத்தனை பேருக்குச் சீனி இருக்கிறது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கு பதில் ஆகாது.

பதவி சிறிபுரவை எடுத்துக்கொள்வோம். காரணம் இன்னும் முழுதாகத் தெரியாத நெடுநாள் சிறுநீரக நோய் நம் மாவட்டத்தில் தலைகாட்டும் விவசாயப் பகுதி அது. அங்குள்ள நோயாளி அனுராதபுரம் போனாலும் திருகோணமலை வந்தாலும் பதிவு அந்தந்த ஆஸ்பத்திரியோடு நின்றுவிடுகிறது. எந்தக் கிராமத்தில், எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களிடம் நோய் கூடுகிறது என்று பார்ப்பதற்கு ஆஸ்பத்திரியின் பெயர் உதவாது. கிராம சேவகர் பிரிவு வேண்டும். பதிவின்போது அந்த ஒரு கட்டத்தை வெறுமையாக விடுவதால் வரும் நட்டம் பெரிது.

அதேநேரம் ஆஸ்பத்திரிக் கணினி மற்ற எல்லாவற்றையும் விட முன்னுக்கு நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2017 இல் நாடு முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளிகள் பதிவானார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் கிண்ணியா பட்ட பாட்டை இங்கு யாரும் மறந்திருக்க முடியாது. டெங்குச் சந்தேகம் என்றதும் ஆஸ்பத்திரி ஒரு அறிவித்தல் படிவத்தைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டைத் தேடிப் போய்ச் சுற்றுப்புறத்தைப் பார்ப்பார். காகிதத்தில் அது போய்ச் சேரும் நாட்களுக்குள் நுளம்பு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கணினியில் பதிந்த அதே மணித்தியாலத்தில் பரிசோதகரின் கைக்கு முகவரி கிடைத்தால் நிலைமையே வேறு. தொற்று நோய் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, இந்த வழிதான்.

மூன்றாவது, கைத்தொலைபேசிச் செயலி. இதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஏனென்றால் வரலாறு ஏற்கனவே பேசிவிட்டது. மக்கள் தங்கள் உடல்நலப் பதிவைத் தாங்களே இணையத்தில் வைத்துக்கொள்வதற்காகக் கூகுள் ஹெல்த் 2008 இல் வந்தது, 2012 தொடக்கத்தில் மூடப்பட்டது. அதே மாதிரியான மைக்ரோசாஃப்டின் ஹெல்த்வோல்ட் 2007 முதல் 2019 வரை இருந்தது. பணத்துக்கோ ஆட்களுக்கோ குறைவில்லாத நிறுவனங்கள் இவை. மக்கள் தாங்களே உட்கார்ந்து தங்கள் இரத்த அழுத்தத்தை எழுதிக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான். அவுஸ்திரேலியாவில் அரசின் இணையவழிச் சுகாதாரப் பதிவை 2012 இல் விரும்பியவர் சேரலாம் என்று தொடங்கியபோது சேர்ந்தவர்கள் குறைவு. வேண்டாதவர் விலகலாம் என்று விதியை மாற்றிய பிறகுதான், 2019 இல், பத்தில் ஒன்பது பேருக்குப் பதிவு உருவானது. இந்தியா 2021 செப்டம்பரில் நாடளாவிய திட்டமாக 14 இலக்கச் சுகாதாரக் கணக்கைத் தொடங்கியது. இலக்கம் கொடுப்பது எளிது, அதற்குள் பயனுள்ள பதிவுகள் வந்து சேர்வதுதான் நீண்ட வேலை.

நம் ஊரில் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன், அது மகளின் கையில். சீனி இருப்பது அம்மம்மாவுக்கு. செயலியில் தன் அளவுகளை ஒழுங்காகப் பதிபவர் ஏற்கனவே தன்னைக் கவனித்துக்கொள்பவர். அந்தத் தரவை வைத்து மாவட்டத்தின் நிலையைக் கணித்தால் நிலைமை உண்மையில் இருப்பதை விட நன்றாகத் தெரியும். ஆபத்து அங்குதான் இருக்கிறது. கட்டாரில் வேலை செய்யும் ஒருவர் தன் பழைய பரிசோதனை முடிவை அங்குள்ள வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்றால் செயலி உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் பதிவேட்டின் அடித்தளமாக அதை வைக்க முடியாது.

நான்காவது வழியைப் பலரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. அது குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு, அதாவது நம் மிட்வைஃப் மிஸ்ஸின் கொப்பி. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்துவந்த முறை. ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒரு உத்தியோகத்தர். தன் பிரிவில் உள்ள குடும்பங்களைப் பதிவேட்டில் வைத்திருக்கிறார். கர்ப்பிணித் தாயின் பதிவு ஒன்று தாயிடமும் ஒன்று உத்தியோகத்தரிடமும் இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு என்று பிள்ளை வளர்ச்சிப் பதிவேடு தாயின் கைக்கு வரும், தாய்க்கு விளங்கும் மொழியில்.

இந்த முறையின் வலிமை காகிதத்திலோ நிறத்திலோ இல்லை. தன் பொறுப்பில் உள்ள எல்லோரின் பெயரும் முன்கூட்டியே பட்டியலில் இருக்கிறது. அதனால் தடுப்பூசிக்கு வராத பிள்ளை யார் என்று அவருக்கு அன்றைக்கே தெரியும், மறுகிழமை வாசலில் வந்து நிற்பார். நாட்டில் 99 வீதத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடப்பதற்கு இந்தப் பட்டியலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும் பெண்களும் பெரிய காரணம். தலைப்பில் கேட்ட கேள்விக்கு ஏற்கனவே பதில் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரே முறை இதுதான்.

குறைகளும் உண்டு. இது தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது. ஐம்பது வயது ஆண் இந்தப் பட்டியலில் கண்காணிக்கப்படுவதில்லை. 2011 அளவில் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் எடை, இடுப்பளவு, பிரசர், சீனி எல்லாம் பார்த்து, அடுத்த பத்து ஆண்டில் மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கணிக்கிறார்கள். அங்கும் வருபவர்களில் பெண்களே அதிகம். தாய் சேய் புள்ளிவிவரங்கள் இப்போது கணினியில் ஏறுகின்றன, ஆனால் மேலே போவது எண்ணிக்கை. ஆள் கீழேயே கொப்பியில் இருந்துவிடுகிறார்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் தெரிவு நான்காவதுதான், ஆனால் அப்படியே அல்ல. பிரிவுவாரியான பட்டியல் அடித்தளமாக இருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு பெரியவரும் தனிநபர் சுகாதார இலக்கத்தோடு இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கணினி அந்தப் பட்டியலுக்கு மிகச் சிறிய ஒரு தகவல் பொட்டலத்தை அனுப்பினால் போதும்: இலக்கம், பெயர், பிறந்த ஆண்டு, கிராம சேவகர் பிரிவு, தொலைபேசி, என்ன வருத்தம், கடைசி பிரசர், கடைசி சீனி, கடைசியாக மருந்து எடுத்த திகதி, அடுத்த திகதி. முழு வைத்தியக் குறிப்பையும் இணைக்க முயன்று ஆண்டுக்கணக்கில் இழுபடும் திட்டங்களை விட இந்தப் பத்துத் தகவல்கள் பயன் தரும். வெவ்வேறு மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு எஃப்.எச்.ஐ.ஆர். என்ற பொதுத் தரம் இருக்கிறது. ஆளுக்கு ஆள் பின்தொடரும் வேலையை நம் நாட்டவர்களே செய்து காட்டியும் இருக்கிறார்கள். 2020 ஜனவரியில், கொரோனா தொடங்கிய கையோடு, நாட்டுக்குள் வருபவர்களைப் பின்தொடர டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மென்பொருளில் இலங்கைக் குழு ஒன்று அமைத்த முறையை மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன. ஆற்றல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த வேலையையும் மிட்வைஃப்மாரின் தலையில் கட்டக் கூடாது. பொதுச் சுகாதாரத் தாதியர் என்ற பதவி ஏற்கனவே இருக்கிறது, இது அவர்களுக்குப் பொருத்தமான வேலை. கொப்பியும் இருக்கட்டும், கரண்ட் போன நாளில் அதுதான் கை கொடுக்கும். செயலி தன் பதிவைப் பார்க்க விரும்புபவருக்கு ஒரு சன்னலாக இருக்கட்டும்.

பட்டியல் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கும் ஒரு தலைமுறை திருகோணமலையில் வாழ்கிறது. பெயர், முகவரி, தொலைபேசி எல்லாம் எழுதிக்கொண்டு போனவர்கள் யார், எதற்கு என்று தெரியாமல் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் சட்டத்தை மட்டும் காட்டினால் போதாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியதாக வைத்திருக்கிறது, அது நல்லது. எஸ்தோனியாவில் தன் பதிவைத் திறந்து பார்த்தவர் யார் என்று நோயாளியே பார்க்க முடியும். அந்த வசதி இங்கு முதல் நாளிலிருந்தே வேண்டும். மனநலம், காசநோய், பாலியல் நோய் தொடர்பான விபரங்கள் பிரிவுப் பட்டியலில் தெரியவே கூடாது. சுகாதாரத் துறைக்கு வெளியே எந்த அலுவலகமும் இதைக் கேட்டு வாங்க முடியாது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கிளினிக் சுவரில் ஒட்ட வேண்டும்.

தொடங்குவதற்கு மாவட்டம் முழுவதும் தேவையில்லை. மூதூர் போன்ற ஒரு பிரிவும் அங்குள்ள ஆதார வைத்தியசாலையும் போதும். முதல் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு பட்டியல்: அடுத்த திகதி கடந்தும் மருந்து எடுக்காதவர்கள். திங்கள் காலையில் அது தாதியின் கையில் இருக்க வேண்டும், மூதூரில் தமிழிலும் சேருவிலவில் சிங்களத்திலும். அந்தப் பட்டியலில் ஆண்கள்தான் நிறைந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கரையோரத்தில் அவர்களில் பலர் இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு விடிந்த பிறகு கரைக்கு வருபவர்கள். காலை எட்டு மணிக்கு வந்து வரிசையில் நில்லுங்கள் என்று அவர்களுக்குத் தொலைபேசி எடுப்பதில் பயனில்லை. ஆகவே மென்பொருளுக்குக் காசு ஒதுக்கும் அதே திட்டத்தில், கிழமைக்கு இரண்டு மாலை நேரக் கிளினிக்குக்கும் காசு ஒதுக்க வேண்டும்.