இட்லி அண்ணாச்சியின் சைக்கிள் எந்தப் பாதையில் போகும்?

காலை ஏழு மணிக்கு மும்பையில் எங்கள் குடியிருப்பு சொசைட்டி வாசலில் பாம் பாம் என்று ரப்பர் ஹார்ன் கேட்டால் இட்லி அண்ணாச்சி வந்துவிட்டார் என்று அர்த்தம். விடியுமுன் தாராவியில் அவித்து, பின்னால் அலுமினிய டப்பாவும் பக்கத்துக்கு ஒன்றாகச் சாம்பார், சட்னித் தூக்குகளுமாக சயான் வழியே செம்பூர் வரை மிதித்து வருகிறார். எங்கள் பகுதியில் சைக்கிள் பாதை போட உத்தேசம், ஆட்சேபனையும் ஆலோசனையும் சொல்லுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து எனக்கு இந்த சைக்கிள்தான் கண்ணில் நிற்கிறது. மராத்தியில் ‘ஹரகதி–சூச்னா’ என்று போட்டிருந்தார்கள். அண்ணாச்சிக்கு அது என்னவென்றே தெரியவில்லை. “பார்க்கிங் ஃபைனா தம்பி?” என்றார்.

மூன்று யோசனைகள் முன்னால் இருக்கின்றன. ஒன்று, இருக்கிற சாலையின் ஓரத்தில் கோடு போட்டுப் பச்சை அடிப்பது. இரண்டு, அதே சாலையில் கல்கட்டு வைத்துத் தனித்தடம் பிரிப்பது. மூன்று, நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாயின் ஓரமாக நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் சேர்ந்து போகிற பொதுப்பாதை.

முதலாவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கோடு காய்வதற்குள் அதன் மேல் ஒரு டெம்போ நிற்கும். கோட்டுக்கும் மேலாகச் செலவழித்த இடத்திலேயே என்ன ஆயிற்று? பாந்திரா–குர்லா வளாகத்தில் 2011 வாக்கில் எம்.எம்.ஆர்.டி.ஏ. என்கிற மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையம் சுமார் 13 கி.மீ. சைக்கிள் தடம் போட்டது. அகலமான சாலைகள், புத்தம்புது அலுவலகங்கள், நாட்டிலேயே பணம் புழங்குகிற இடம். அங்கேயே கார்கள் தடத்தின் மேல் ஏறி நின்றன. கடைசியில் 2025-இல், அதை எடுத்துவிட்டு வண்டிகளுக்கு இன்னொரு தடம் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். நம் தெருவில் வெறும் பெயிண்ட் எத்தனை நாள் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

சொசைட்டி மீட்டிங்கில் மூன்றாவதுக்குத்தான் கைகள் அதிகம் உயர்ந்தன. காரணம் புரிகிறது. பார்க்கிங் போகாது, கடைக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள், மாமாக்களுக்கு வாக்கிங் போக இடம் கிடைக்கும். படத்தில் மரமும் பெஞ்சும் அழகாக இருந்தன. ஆனால் இந்த ஊரில் சாலையை விட்டு விலகிப் போன சைக்கிள் பாதைகளின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பவாய் ஏரியைச் சுற்றி மாநகராட்சி 2021-இல் ஒரு பாதை ஆரம்பித்தது. கம்பிக் கூடைகளில் கல் நிரப்பி ஏரிக்கரையில் அடுக்கினார்கள். அந்த ஏரியில் முதலைகள் உண்டு. ஐஐடி மாணவர்களும் சூழல் ஆர்வலர்களும் வழக்குப் போட, 2022 மே மாதம் மும்பை உயர் நீதிமன்றம் கட்டுமானமே சட்டவிரோதம் என்று சொல்லி, போட்டதை எடுத்துவிட்டுக் கரையைப் பழையபடி ஆக்கச் சொன்னது.

இன்னொன்று தான்சா குடிநீர்க் குழாய் ஓரப் பாதை. முலுண்டிலிருந்து சயான் வரை, மொத்தம் சுமார் 39 கி.மீ. என்று திட்டம். குழாயின் பாதுகாப்புக்காக இருபுறமும் 10 மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு இருந்தது. காலி செய்த இடத்தில்தான் பாதை. காலி செய்யப்பட்டவர்களில் பலரை மாகுலுக்கு அனுப்பினார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில் இருக்கும் மாகுல், நம் செம்பூருக்கு வெகு அருகே. அங்கே மூச்சு விட முடியவில்லை என்று அவர்கள் வழக்காடி, 2019-இல் மாதம் 15,000 ரூபாய் வாடகைப் பணம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வாங்கினார்கள். காலியிடம் என்று வரைபடம் காட்டுகிற இடமெல்லாம் காலியாக இருப்பதில்லை. எங்கள் நாலா ஓரத்திலும் நாற்பது ஐம்பது குடிசைகள் உண்டு. நோட்டீஸோடு வந்த படத்தில் அந்த இடத்தில் புல் வரைந்திருந்தார்கள்.

சரி, அதெல்லாம் தீர்ந்து பாதை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அண்ணாச்சி அதில் போவாரா? ஏற்கெனவே பக்கத்தில் இப்படி ஒரு சின்ன நடைபாதை இருக்கிறது. பைக் நுழையக் கூடாது என்று வாசலில் இரும்புக் கம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பைக் கொண்டுபோய் அளந்தேன். கம்பங்களுக்கு நடுவே இரண்டேகால் அடி. அப்புறம் அண்ணாச்சியை நிறுத்தி அவர் சைக்கிளை, தூக்கு முதல் தூக்கு வரை அளந்தேன். இரண்டே முக்கால். “ஏன் தம்பி, வண்டிக்குச் சட்டை தைக்கப் போறியா?” என்று சிரித்தார். ஸ்கூட்டர் எப்படியோ சாய்ந்து வளைந்து உள்ளே போய்விடுகிறது, சாம்பார் போக முடியாது. போதாததற்கு வாட்ச்மேன் பூட்டைத் திறப்பது ஆறு மணிக்கு. பால்காரர், பாவ் ரொட்டிக்காரர், பேப்பர் போடுகிற பையன் எல்லாரும் அதற்குள் பாதி வேலையை முடித்துவிடுவார்கள். உள்ளே போனாலும் நான்கு பேர் கைகோத்து நடக்கும்போது மணியடித்தால் முறைப்பார்கள். முறைப்பதும் நியாயம்தான், அவர்கள் நடக்க வந்தவர்கள்.

ஆக என் ஓட்டு இரண்டாவதுக்கு, சாலையிலேயே கல்கட்டுத் தடம். மீட்டிங்கில் சொன்னபோது செயலாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருடைய கார் நிற்கிற இடம்தான் தடமாகப் போகிறது.

இதிலும் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. கல்கட்டை ஒரே நீளமாகக் கட்டிவிட்டால் ஜூலையில் தண்ணீர் சாக்கடைக்கு இறங்காமல் தடத்திலேயே நிற்கும், இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். தரைக்கு பேவர் பிளாக் வேண்டவே வேண்டாம். ஒரு மழையில் கல் ஆடும், மிதித்தால் சேறு பீறிடும், சாம்பார் வழியும். பெஸ்ட் என்கிற மாநகர பஸ்ஸின் ஸ்டாப்பில் தடம் நிழற்குடைக்குப் பின்னால் வளைந்து போக வேண்டும், இல்லையென்றால் பஸ் வரும்போதெல்லாம் ஜனங்கள் சைக்கிளின் மேல்தான் இறங்குவார்கள். கடைகளுக்குச் சரக்கு இறக்க மதியம் ஒரு நேரம் ஒதுக்கியாக வேண்டும். ஒரு சைக்கிள் இன்னொன்றை முந்த குறைந்தது 2 மீட்டர் அகலம் வேண்டும். நோட்டீஸில் போட்டிருப்பது ஒன்றரை.

எழுதிப் போட்டால் யார் படிக்கிறார்கள் என்று மூன்றாம் மாடி மாமா கேட்டார். 2015-இல் மும்பை வளர்ச்சித் திட்ட வரைவுக்கு 65,000-க்கு நெருங்கிய ஆட்சேபனைகள் குவிந்தன. முதலமைச்சரே தலையிட்டு வரைவைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. மாமாவுக்கு அது நினைவிருந்தது. “அது மொத்த பம்பாய்க்கும், இது நம்ம ரோடு” என்றார். அதுவும் சரிதான்.

கருத்துக்கேட்புக் கூட்டம் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. அந்நேரம் அண்ணாச்சி காலிப் பாத்திரத்தோடு தாராவிக்குத் திரும்பிக்கொண்டிருப்பார். நான் லீவு போட்டிருக்கிறேன். கடிதத்தைப் பக்கத்து வீட்டு மராத்தி டீச்சர் எழுதித் தந்தார். அளவுகளை மட்டும் நான் நிரப்பினேன். எந்தப் பாதை வந்தாலும் வாசல் கம்பங்களுக்கு நடுவே மூன்றரை அடி விட வேண்டும் என்று முதல் வரியில் இருக்கிறது. கீழே அண்ணாச்சியின் கையெழுத்து, தமிழில்.