கொலாஜன் 4 ஆன்டிபாடி: சில மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் நோயியல் ஆய்வகம் சில மாதங்களாகப் பயன்படுத்திவரும் ஒரு கொலாஜன் 4 ஆன்டிபாடியை (திசுவில் அப்புரதம் இருக்கும் இடத்தைச் சாயத்தால் காட்ட உதவும் வினைப்பொருள்), தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்த்து மதிப்பிடுகிறேன். மார்பகப் பால்நாளத்துக்குள் அடங்கிய புற்று, நாளத்தைச் சூழ்ந்த அடித்தளச் சவ்வைத் துளைத்து வெளியேறும்போதுதான் ஊடுருவும் புற்றாகிறது. அச்சவ்வின் முதன்மைப் புரதங்கள் கொலாஜன் 4, லாமினின் என்பதால், சாயமேற்றிய வில்லையில் (ஸ்லைடில்) சவ்வைக் காட்டும் பழுப்புக் கோடு எங்கே அறுபடுகிறது என்று தேடுகிறோம். 1 மில்லிமீட்டருக்கு மிகாத நுண் ஊடுருவலில் இத்தேடல் பொறுமையைச் சோதிக்கும்.

கோடு மெல்லியதாகவும் துல்லியமாகவும் விழுகிறது. ஆனால் ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவுக்கு, ஆன்டிபாடி புரதத்தை எட்ட உதவும் நொதிச் செரிமானம் எவ்வளவு நேரம் வேண்டும் என்பதைக் கையேடு தெளிவாகச் சொல்லாததால், எங்கள் முதல் வில்லைகள் வீணாயின. இரத்தக் குழாய்களுக்கும் இதே சவ்வு உண்டு என்பதால், அதில் சாயம் ஏறாத வில்லையை நம்பவே கூடாது.

அறுபட்ட கோடு மட்டுமே ஊடுருவலுக்குச் சான்றாகாது. அழற்சி சூழ்ந்த நாளங்களிலும் அது சிதையும், சில ஊடுருவும் புற்றுகளோ தாமே சவ்வுப் பொருளைச் சுரக்கும். ஆகவே மையோஎபிதீலியல் செல்களை (நாளத்தின் உட்செல்களுக்கும் சவ்வுக்கும் இடையிலுள்ள செல் அடுக்கை) காட்டும் பி63, மென்தசை மயோசின் ஆகிய சாயச் சோதனைகளுக்கு இதை மாற்றாகக் கருதி வாங்குவது வீண்செலவு. அச்செல்கள் இல்லாமலேயே சவ்வு மட்டும் எஞ்சியிருக்கும் மைக்ரோகிளாண்டுலர் அடினோசிஸ் என்னும் புற்றல்லாத மார்பகச் சுரப்பிப் பெருக்கத்தில்தான், கொடுத்த விலைக்கு இது முழுமையாக ஈடுசெய்கிறது.