பாழ் என்ற சொல்லில் தேறிய அகராதி

கடந்த தவணை விடுமுறையில் ஹட்டன் நகரிலுள்ள புத்தகக் கடையொன்றில் 2,400 ரூபாய் கொடுத்து ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றை வாங்கினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளோடு அதன் பிறப்பையும் ஒரு வரியில் தருவதாக மேலட்டையில் அச்சிட்டிருந்ததே அதை எடுக்கக் காரணம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு, பொருளை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை பரீட்சையோடு அதை மறப்பதும், சொல்லின் கதையைக் கேட்ட பிள்ளை மறக்காமலிருப்பதும் பழகிப்போன அனுபவம்.

எந்த அகராதியையும் முழு அழிவைக் குறிக்கும் சொற்களை வைத்துச் சோதிப்பது என் வழக்கம். தொகுத்தவர் சோம்பியிருந்தால் அங்கேதான் அகப்படுவார். முதலில் ‘டெவஸ்டேஷன்’ என்ற சொல்லைப் பார்த்தேன். ‘பாழாக்கல்’ என்று பொருள் எழுதி, வெறுமையாக்குதல் எனப் பொருள்படும் ‘வாஸ்தாரே’ என்ற இலத்தீன் வினையை மூலமாகக் காட்டியிருக்கிறார்கள். ‘பேரழிவு’ என்று எழுதிவிட்டு நகராமல் ‘பாழ்’ என்ற சொல்லைத் தேர்ந்தவருக்கு இரு மொழியிலும் செவி இருக்கிறது. ஏனெனில் அந்த வினைக்கு அடியான ‘வாஸ்துஸ்’ வெறுமையையும் ஆளற்றுக் கிடக்கும் நிலத்தையும் குறிப்பது போலவே, நம்முடைய பாழும் அழிவை மட்டுமன்றி வெறுமையையும் குறிக்கிறது. பரந்தது என்ற பொருளுள்ள ‘வாஸ்ட்’, வீண் என்ற பொருளுள்ள ‘வேஸ்ட்’ ஆகியவையும் இதே வேரில் வந்தவை என்பதை இந்தப் பதிவில் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இந்த வேர் மலையகத்துக்கு அந்நியமானதும் அன்று. இங்கே தேயிலைக்கு முன்பிருந்த கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயின் பூஞ்சைக்கு 1869இல் ‘ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார்கள். இரண்டாம் பகுதியின் பொருள் ‘பாழாக்குபவள்’ என்பதாகும். பூஞ்சை பரவுவதற்கான நுண்துகளாகிய வித்தியின் ஒரு பாதி வழுவழுப்பாக இருப்பதைச் சொல்வது முதற்பகுதி. வாயில் நுழையாத அந்தப் பெயரைத் துரைமார் ‘டெவஸ்டேட்டிங் எமிலி’ என்று பெண்பெயராக்கி, கசப்போடு கேலி செய்தார்கள். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நிற்கும் ஒற்றைக் கோப்பிச் செடியின் இலையைத் திருப்பினால், அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடி விரலில் மஞ்சள்தூளைப் போல ஒட்டும். அந்த இலையொன்றை வகுப்புக்குக் கொண்டுபோன நாளிலிருந்து ‘டெவஸ்டேஷன்’ என்ற சொல்லை எந்தப் பிள்ளைக்கும் நான் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த சோதனைகளில் அகராதி சறுக்கியது. ‘அனைஹிலேஷன்’ என்பதற்கு ‘முழு அழிவு’ என்று மட்டும் இருக்கிறது. மேலட்டையில் வாக்களித்த பிறப்பு வரியைக் காணோம். ‘ஒன்றுமில்லை’ என்று பொருள்படும் ‘நிஹில்’ என்ற இலத்தீன் சொல் அதன் உள்ளே கிடப்பதால், ஒன்றை இல்லாமையாகவே ஆக்கிவிடுதல் என்று விளக்கியிருக்க வேண்டும். பாழான நிலமாவது எஞ்சும். இதில் அதுவும் எஞ்சாது. வேரையே இல்லாமற் செய்வதைச் சொல்லும் ‘நிர்மூலம்’ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. ‘டெசிமேட்’ என்பதற்கும் அதே ‘முழு அழிவு’தான். உரோமப் படையில் தண்டனைக்குள்ளான பிரிவினருள் பத்துப் பேருக்கு ஒருவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து, மற்றவர்களைக் கொண்டே கொல்லச் செய்த வழக்கத்திலிருந்து வந்த சொல் அது. இன்று பெரும்பகுதியை அழித்தல் என்று வழங்கினாலும், ஒன்றுவிடாமல் அழிப்பது அதன் பொருளன்று.

கட்டுமானத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எழுத்து தெளிவாக இருக்கிறது, தாள் மெல்லியது, எங்கள் பக்கத்து மூடுபனிக்கு மூன்றே வாரத்தில் மேலட்டை அப்பளம் போல வளைந்துவிட்டது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு இது போதும். உயர்தர மாணவர் வாங்குவதானால் பக்கத்தில் வேறோர் அகராதியும் வேண்டும். விடுபட்ட மூலங்களை நான் பென்சிலால் எழுதி வருகிறேன். ஓரத்தில் விட்டிருக்கும் இடமோ விரற்கடை அகலங்கூட இல்லை.