மேல்பாடியைக் கழற்றிய படம் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்: ஆர்.சி. பக்கி (மண்ணில் ஓடும் ரிமோட் ரேஸ் கார்) வாங்கி ஏமாந்த கதை

மோட்டாருக்குக் காயில் கட்டுவதுதான் என் தொழில். கோவையில் சின்னப் பட்டறை. பம்ப்செட் மோட்டாருக்கு எத்தனை வயர் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் ஒரு கையடக்க மோட்டாரில் வயரை எண்ணிப் பார்க்காமல் 14,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். ரிமோட் கார் என்றால் பைத்தியம். சூலூர் பக்கம் ஒரு காலி மனையில் பைப்பை வளைத்துப் போட்டு, மண் டிராக் அமைத்து, ஞாயிறுதோறும் சிலர் ரேஸ் விடுகிறார்கள். மற்ற நாளில் தெருவில் ஓட்டவும் ஞாயிறு அங்கே கொண்டுபோகவும் ஒரே பக்கி போதும் என்றான். தேடியபோது சமூக வலைத்தளத்தில் ஒரு விற்பனைப் பக்கம் கண்ணில் பட்டது. 1/10 அளவு (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு), ஃபோர் வீல் டிரைவ், பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார், 5000 எம்.ஏ.ஹெச். கொள்ளளவுள்ள லிப்போ பேட்டரி, ஸ்பேர் எல்லாம் கையிருப்பில். இந்த விலைக்கு இத்தனையும் வராதே என்று உள்ளுக்குள் தோன்றத்தான் செய்தது. "ஸ்டாக் கிளியரன்ஸ் ப்ரோ, ரெண்டே பீஸ்தான் இருக்கு" என்றார் விற்பவர், போனில். சரி என்று, யாரோ ஒரு தனி ஆளின் யுபிஐ எண்ணுக்கு முழுப் பணத்தையும் போட்டுவிட்டேன்.

பார்சல் ஒழுங்காகத்தான் வந்தது. வேகமாகவும் ஓடியது. இரண்டாம் நாள் படிக்கட்டில் மோதி முன்பக்க ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கை) உடைந்தது. மாற்றுவதற்காக மேல்பாடியைக் கழற்றினோம். "மாமா, பிரஷ்லெஸ்னா மூணு வயர் வரும்னு நீங்கதானே சொன்னீங்க? இதுல ரெண்டுதானே இருக்கு?" என்றான் பையன்.

ரெண்டுதான். ரேஸ் காரில் வரும் பிரஷ்லெஸ் மோட்டார், நம் த்ரீ ஃபேஸ் மோட்டாரைப் போல மூன்று வயரில் ஓடுவது. ரெண்டு வயர் என்றால் கார்பன் பிரஷ் தேய்கிற சாதா மோட்டார். அதன்மேல் 'பிரஷ்லெஸ்' என்று ஸ்டிக்கர்! சாதா மோட்டார் மட்டம் என்று சொல்லவில்லை. ஜப்பானின் தாமியா கம்பெனி கிட்கள் பலவற்றில் பிரஷ் மோட்டார்தான் வருகிறது, பழகுகிற பையனுக்கு அது தாராளம். அதைச் சொல்லி அந்த விலைக்கு விற்றிருக்கலாமே.

அப்புறம் எல்லாவற்றையும் அளக்க ஆரம்பித்தேன். 1/10 பக்கியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 27, 28 செ.மீ. இருக்கும், இதில் 20 கூட இல்லை. 5000 எம்.ஏ.ஹெச். டூ செல் பேட்டரி ஏறக்குறைய கால் கிலோ கனக்கும். அக்கா வீட்டுச் சமையல் தராசில் இது 105 கிராம். டிராக் நண்பர் ஒருவரின் நல்ல சார்ஜரில் போட்டபோது 1400 எம்.ஏ.ஹெச்.-ஐத் தாண்டவில்லை. பேரிங் இருக்க வேண்டிய இடமெல்லாம் பிளாஸ்டிக் புஷ்.

பெரிய வயிற்றெரிச்சல் ஸ்டீயரிங் சர்வோதான், அதாவது முன்சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டார். வழக்கமான சர்வோவில் மூன்று வயர் வரும், எந்தக் கம்பெனியுடையதையும் வாங்கி மாட்டலாம். இதில் ஐந்து வயர், நேராக ஒரே போர்டுக்குப் போகிறது. ரிசீவர், ஸ்பீடு கன்ட்ரோல் எல்லாம் அந்த ஒரே போர்டில். சர்வோ போனாலும், பின்னால் நல்ல மோட்டார் போட நினைத்தாலும், ரிமோட் உட்பட அத்தனையையும் மாற்ற வேண்டும். ரேஸுக்கு இதைத் தேற்றும் காசில் வேறு வண்டியே வாங்கிவிடலாம்.

விற்றவரிடம் கேட்டேன். "இது புது டெக்னாலஜி ப்ரோ, ரெண்டு வயர் பிரஷ்லெஸ்." உள்ளேயே சர்க்யூட் வைத்த பி.எல்.டி.சி. ஃபேனுக்கு (அதுவும் பிரஷ்லெஸ்தான்) ரெண்டு வயர் போவது உண்டு, அதனால் ஒரு கணம் நானே குழம்பினேன். மோட்டாரின் பின்மூடியைத் திறந்தால், பிரஷ் ரெண்டும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. படம் எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. ஆர்ம் மட்டுமாவது கொடுங்கள் என்றதற்கு, முழு செட்டாகத்தான் தருவோம், 2,200 ரூபாய் என்றார். மறுநாள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொன்னபோது பில், கடை முகவரி கேட்டார்கள். என்னிடம் ரெண்டும் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் மேல்பாடி இல்லாமல், மோட்டார் வயரும் சர்வோ வயரும் தெரிகிற மாதிரி படம் கேளுங்கள். தர மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். வண்டி விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒரு ஜோடி முன் ஆர்ம் என்ன விலை, தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். டிராக்கில் ஒருவர் சொன்னது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்: "இங்கே ஏற்கெனவே ரெண்டு பேர் வைத்திருக்கிற வண்டியையே வாங்குங்கண்ணா."

கடைசியில் அப்படிச் சொன்ன டிராக்காரரிடமே பழைய டூ வீல் டிரைவ் பக்கி ஒன்றை 8,000 ரூபாய்க்கு வாங்கினோம். சாதா பிரஷ் மோட்டார்தான். அதிலும் ஆர்ம் இரண்டு முறை உடைந்துவிட்டது. இரண்டு முறையும் பக்கத்தில் நின்றவர் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டோம். போன ஞாயிறு ஆறு பேரில் ஐந்தாவதாக வந்தான்.